வீட்டில் கட்டும் நியூபோர்ட் 11: கோளாறு தெரியும் இடமும் இருக்கும் இடமும்

நியூபோர்ட் 11 பிரான்சின் போர் விமானம். 1916 தொடக்கத்தில் போர்முனைக்கு வந்தது. உருவம் சின்னது என்பதால் விமானிகள் அதை 'பெபே', அதாவது குழந்தை என்றே கூப்பிட்டார்கள். இறக்கை நீளம் சுமார் ஏழரை மீட்டர்தான். பெரும்பாலும் மரம், கம்பி, துணி. வீட்டுக் கொட்டகையில் முழு அளவிலோ 7/8 அளவிலோ பைபிளேன், அதாவது இரண்டடுக்கு இறக்கை விமானம், கட்ட நினைப்பவர்கள் இதன் பக்கம் சாய்வதற்கு அது போதும்.

ஆனால் கம்பியால் இழுத்து நிறுத்திய கூடு பொல்லாதது. ஒரு மூலையில் செய்த தப்பு இன்னொரு மூலையில் போய்த் தலைகாட்டும். தெரிந்த இடத்தையே நோண்டிக்கொண்டிருந்தால் வேலை இரட்டிப்பாகும். நான் அப்படி நோண்டி வீணாக்கிய வாரங்களை எண்ணினால் இன்னொரு இறக்கை கட்டியிருக்கலாம். கீழே உள்ளவை கட்டும் வரிசையில் வரும் அறிகுறிகள். எது கண்ணில் பட்டதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கப் போகிற விமானம் என்றால், துணி போர்த்துவதற்கு முன்பே ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கூட்டைக் காட்டுங்கள். போர்த்திய பிறகு அவர் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஒட்டிய சோதனைத் துண்டு பசைக் கோட்டிலேயே பிளக்கிறது

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே மரத்தில் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டித் தனியே வைத்திருப்பீர்கள். வைக்கவில்லை என்றால் இனி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் ஒட்டுக்கோட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. மரம் கிழிந்து, இரண்டு முகத்திலும் நார் நாராக ஒட்டியிருந்தால் ஒட்டு சரி. முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று விட்டு வந்தால் அந்தக் கலவையில் ஒட்டிய எதையும் நம்பக் கூடாது.

உடனே எல்லோரும் பசையைத்தான் திட்டுவோம். நானும் ஒரு டப்பாவைத் தூக்கிப் போட்டேன். புது டப்பாவிலும் அதே கதை. கடைசியில் மரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நின்றது. பக்கத்திலேயே இழைப்புளியின் அலகைத் தீட்டி ஒரு சீவு சீவி, அங்கே ஒரு சொட்டு விட்டேன். பரவி, நாருக்குள் இறங்கிவிட்டது. கோளாறு மழுங்கிய அலகில் இருந்திருக்கிறது. மழுங்கிய அலகு மரத்தை வெட்டாமல் தேய்த்து மெருகேற்றிவிடும். துளைகள் அடைபட்டால் பசை எங்கே இறங்கும்? உப்புத்தாளால் தேய்ப்பதும் இதற்கு மருந்து இல்லை. தூள் போய்த் துளையை அடைக்கும். கூர்மையான அலகால் சீவி, அன்றைக்கே ஒட்டுங்கள்.

தண்ணீர்ச் சொட்டு சரியாகப் பரவியும் ஒட்டு விடுகிறது என்றால் கிளாம்பைப் பாருங்கள். ரிசார்சினால் பசைக்கு நல்ல அழுத்தம் வேண்டும், இடைவெளி மெல்லியதாக இருக்க வேண்டும், சுமார் 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது ஒழுங்காக இறுகாது. எபாக்ஸிக்கு நேர் எதிர்: லேசாகப் பிடித்தாலே போதும். மல்லுக்கட்டி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, ஒட்டு பட்டினி கிடக்கும். ஒரு பசையில் பழகிய கை அடுத்த பசைக்கு மாறும்போதுதான் இந்தத் தப்பு நடக்கிறது. இறுகிய எபாக்ஸி மேல் மறுபடி ஒட்டுவதாக இருந்தால், மேலே படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

ஸ்பார் என்பது இறக்கையின் நீளத்துக்கு உள்ளே ஓடும் முதுகெலும்பு மரம். ஸ்பாருக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தில் ரேகை 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாய்ந்து ஓடினால் அந்தப் பலகை ஸ்பாருக்கு ஆகாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

உடற்கூடு வில் போல ஒரு பக்கம் வளைந்திருக்கிறது

உடற்கூடு என்பது நான்கு நீள மரங்கள், இடையே குறுக்குக் கட்டைகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் மூலைக்கு மூலை இரண்டு கம்பிகள். மூக்கிலிருந்து வால் வரை நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு குறுக்குக் கட்டையின் நடுவையும் பென்சிலால் குறித்து, அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் வளைவு எங்கே தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரியும்.

இப்போது கை தானாகத் தளர்ந்த கம்பியை நோக்கிப் போகும். போகவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். நான்காம் கட்டத்தில் ஒரு கம்பி தொய்ந்திருந்தது, இறுக்கினேன். ஐந்தாம் கட்டம் தொய்ந்தது, அதையும் இறுக்கினேன். இப்படியே வால் வரை போய், திரும்பி மூக்குப் பக்கம் வந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். கீழ் நீளமரத்தில், கம்பியைப் பிடிக்கும் தகட்டின் ஓரமாக, முடி அளவுக்கு ஒரு விரிசல். மறுநாள் எல்லாவற்றையும் தளர்த்திப் பார்த்தபோது காரணம் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. அங்கே ஒரு கம்பியை மட்டும் நான் முதல் நாளே அளவுக்கு மீறி முறுக்கியிருந்தேன். தொய்ந்த கம்பிகள் அத்தனையும் நிரபராதிகள்.

அதனால் வரிசை இதுதான். முதலில் எல்லா டர்ன்பக்கிளையும், அதாவது கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள திருகுகளை, கையால் திருகும் அளவுக்குத் தளர்த்துங்கள். அப்புறம் முன் கட்டத்தில் தொடங்கி ஒரு கட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்குங்கள். அளக்க நாடா வேண்டாம், அது வளையும். நுனியில் ஆணி வைத்த ஒரு மரக்குச்சி போதும். ஒரு மூலைவிட்டம் நீளமாக இருந்தால், எதிர்க் கம்பியை முதலில் தளர்த்திவிட்டு இதை இறுக்க வேண்டும். சமமான பிறகு அடுத்த கட்டம். வால் வரை போனதும் நூலையும் தூக்குக்குண்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

டர்ன்பக்கிளின் பீப்பாய்க்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரிந்தால் கம்பியின் நீளமே தவறு. அதைத் திருகிச் சரிக்கட்டப் பார்க்காமல் கம்பியைப் புதிதாகச் செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பூட்டுக் கம்பி. முடியும் முன்பே பூட்டினால் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டிவரும்.

போன மாதம் சரியாக இருந்த கம்பிகள் இப்போது தொளதொளவென்று இருக்கின்றன

காற்று காய்ந்திருக்கிறது, மரம் சுருங்கியிருக்கிறது. கம்பியைத் தொடாமல் முதலில் தகடுகளின் போல்ட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். மரம் நாரின் குறுக்கேதான் அதிகம் சுருங்கும், அதனால் போல்ட்டுதான் முதலில் லூஸாகும். ஈரக் காலத்தில் இதே மரம் உப்பி வாஷருக்குக் கீழே நசுங்கும் என்பதால், இறுக்கும்போது கை நிதானமாக இருக்கட்டும்.

கீழ் இறக்கையைக் கையால் பிடித்தால் முறுகுகிறது

நியூபோர்ட் 11-இன் கீழ் இறக்கை மேல் இறக்கையைவிட மிகவும் ஒடுக்கமானது, அதற்குள் ஓடுவது ஒரே ஒரு ஸ்பார். V வடிவத் தாங்குகட்டை அந்த ஒரு ஸ்பாரில்தான் வந்து ஊன்றுகிறது. விமானி கீழே பார்ப்பதற்கு வசதி, எடையும் குறைவு. ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் பலகை போல, முறுக்கைத் தடுக்க அங்கே இரண்டாவது ஆள் இல்லை.

இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வெளியே ஓர் உதாரணம் இருக்கிறது. நியூபோர்ட்டின் இந்த அமைப்பைப் பார்த்து ஜெர்மானியர்கள் ஆல்பட்ராஸ் டி.3 விமானத்தைச் செய்தார்கள். 1917 ஜனவரி 24 அன்று மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபென் ஓட்டிக்கொண்டிருந்த டி.3-இன் கீழ் இறக்கை வானத்திலேயே விரிசல் விட்டது. அவர் எப்படியோ இறக்கிவிட்டார். ஸ்பார் இறக்கையில் ரொம்பப் பின்னால் இருந்ததால், வேகம் கூடும்போது காற்று இறக்கையை முறுக்கிவிட்டது என்பது பின்னால் புரிந்தது.

அதனால் உங்கள் இறக்கையில் பார்க்க வேண்டியவை: ஸ்பார் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருக்கிறதா, V கட்டை ஊன்றும் தகட்டில் ஆட்டம் இருக்கிறதா, உடற்கூட்டில் இறக்கை பொருந்தும் இடத்தில் துளை பெரிதாகியிருக்கிறதா. ஒருவரை அடிப்பகுதியில் விரலை வைத்திருக்கச் சொல்லி, நீங்கள் நுனியின் பின் ஓரத்தை மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். ஆட்டம் எந்த மூட்டில் என்று அவர் விரல் சொல்லிவிடும். மூட்டுகள் எல்லாம் கெட்டியாக இருந்தும் இறக்கையே முறுகினால், முன் ஓரத்து பிளைவுட் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். வரைபடத்தில் இல்லாத பலத்தை நீங்களாகச் சேர்க்கவும் வேண்டாம், வேகத்தில் மூக்கைக் கீழே குத்திப் பறந்து சோதிக்கவும் வேண்டாம். வடிவமைத்தவர் கொடுத்த வேக எல்லை இந்த இறக்கைக்காகத்தான் இருக்கிறது.

துணி இஸ்திரி போட்டதும் இறக்கையின் அடிப்பக்கத்தில் எழும்பி நிற்கிறது

அக்காலத்து இறக்கைகளின் அடிப்பக்கம் உட்குழிந்திருக்கும். பாலியெஸ்டர் துணி சூட்டில் சுருங்கும்போது குழியைத் தாண்டி நேர்க்கோட்டில் போகப் பார்க்கும். பாலம் கட்டிய மாதிரி ரிப்பை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்புக் கட்டையை, விட்டு எழும்பும். அதன் மேல் எத்தனை பூச்சு பூசினாலும் அது இறங்காது. துணியை அவிழ்த்து, முதலில் அடிப்பக்கத்து ஒவ்வொரு ரிப்பிலும் முழு நீளத்துக்குப் பசை வைத்து ஒட்டிக் காயவிட்டு, அப்புறம்தான் சூடு. ரிப்போடு சேர்த்துத் தைக்கும் தையல் இதற்கு மேல் தனி.

துணியை இறுக்கியதும் பின் ஓரம் அலை அலையாக வளைந்துவிட்டது

முதலில் ஒரு சந்தோஷச் செய்தி: அக்காலத்து விமானங்கள் சிலவற்றில், உதாரணமாக ஃபோக்கர் டி.7-இல், பின் ஓரம் கம்பிதான். துணி இழுத்து அது பிறைபிறையாக வளைந்திருப்பதுதான் அவற்றின் அழகு. உங்கள் வரைபடத்தில் பின் ஓரம் மரம் என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

காரணம் பெரும்பாலும் இஸ்திரிப் பெட்டி. அதன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நீங்களே குறியுங்கள். 120 டிகிரி செல்சியஸில் முதல் சுற்று, 150-இல் இரண்டாவது, 175-இல் கடைசி. மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பின் ஓரம் முதல் பக்கத்தோடு போய்விட்டிருக்கும். 200-ஐத் தாண்டினால் துணி இறுகாமல் தளர ஆரம்பிக்கும், பிறகு அதை எந்தச் சூடும் இறுக்காது.

இஸ்திரியில் தப்பு இல்லை, ஆனால் சில மாதங்கள் கழித்து வளைகிறது என்றால் பூச்சைப் பாருங்கள். டோப் என்பது விமானத் துணி மேல் பூசும் அரக்கு போன்ற பூச்சு. அதில் சுருக்கும் வகை பருத்திக்கும் லினனுக்கும் உரியது. ஏற்கெனவே சூட்டில் இறுகிய பாலியெஸ்டர் மேல் அதைப் பூசினால் அது வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும், ரிப்புகள் பாவம்.

பூசிய டோப் வெள்ளையாகப் பூத்துப்போகிறது

காற்றில் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதன் மேல் பனி இறங்கிவிடுகிறது. உலர்ந்த நாளுக்குக் காத்திருந்து, மெதுவாகக் காயவைக்கும் கரைப்பானைச் சேர்த்து மேலே ஒரு மெல்லிய பூச்சு தெளித்தால் வெள்ளை கரைந்துவிடும். ஊதிக் காயவைக்க விசிறி வைக்காதீர்கள், இன்னும் குளிரும். காற்றோட்டத்துக்கு வேறு வழி செய்துகொள்ளுங்கள். நைட்ரேட் டோப் என்றால் பக்கத்தில் தீப்பொறிகூட வரக் கூடாது.

பூச்சு முடிந்ததா என்று சோதிக்க, இருட்டில் இறக்கைக்குள் ஒரு பல்பை வையுங்கள். வெளிச்சம் கசிந்தால் வெயிலும் உள்ளே போகும், துணி சீக்கிரம் இற்றுவிடும். வெள்ளிப் பூச்சு இன்னொரு சுற்று வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் அன்றைக்கு லினன் மேல் பூசிய பி.சி.10 என்ற பழுப்புப் பச்சைப் பூச்சும் மறைவுக்காக மட்டும் இல்லை, வெயிலுக்காகவும்தான்.

மூன்று தராசில் நிறுத்தினால் விமானம் வால் கனமாக இருக்கிறது

அசலில் இருந்தது 80 குதிரைத் திறன் லெ ரோன் சுழல் எஞ்சின், நூறு கிலோவைத் தாண்டும். நாம் வைப்பது பெரும்பாலும் மாற்றியமைத்த ஃபோக்ஸ்வாகன் போன்ற இலகுவான எஞ்சின். மூக்கு இளைத்தால் வால் கனக்கத்தான் செய்யும். ஈயத்தைத் தேடி ஓடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

காலி எடை 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எஞ்சினை 20 செ.மீ. முன்னால் நகர்த்தினால் புவியீர்ப்பு மையம் 70 × 20 ÷ 300, அதாவது ஏறக்குறைய 4.7 செ.மீ. முன்னால் வரும். மையத்திலிருந்து 4 மீட்டர் பின்னால் உள்ள வாலில் வெறும் 2 கிலோவைக் குறைத்தால் 2.7 செ.மீ. கிடைக்கும். அதே 2.7 செ.மீட்டரை ஈயத்தால் வாங்க மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால் 7 கிலோ வைக்க வேண்டும். ஆக முதலில் வாலுக்குப் போங்கள். அங்கே அழகுக்காகக் கூடுதலாகப் பூசிய வண்ணம், தேவைக்கு மேல் தடித்த சறுக்குக் கட்டை, பெரிய போல்ட்டுகள் எல்லாம் ஒளிந்திருக்கும். பேட்டரியை மூக்குக்குக் கொண்டுபோவது அடுத்தது. எஞ்சின் தாங்கியை நீட்டுவது அதற்கும் அடுத்தது, அதுவும் வடிவமைத்தவரைக் கேட்டுவிட்டு. ஈயம் கடைசி.

மேல் இறக்கையின் மேல் நிற்கும் பொம்மை லூயிஸ் துப்பாக்கியை மறக்காதீர்கள். சுழலியின் ஊடாகச் சுடும் இயந்திர ஏற்பாடு இல்லாததால்தான் அன்றைக்கு அதை அங்கே தூக்கி வைத்தார்கள். மரமும் பிளாஸ்டிக் குழாயும் போதும், இரும்பில் கடைய வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது தலை சூடு ஏறிக்கொண்டே போகிறது

அந்த வட்டமான மூக்குறை, தானே சுழன்று தன்னைக் குளிர்வித்துக்கொண்ட எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் எஞ்சின் சும்மா உட்கார்ந்திருக்கிறது. காற்று உள்ளே வரும், ஆனால் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே போகாமல் எளிதான சந்து வழியாக நழுவிவிடும். தகடு வைத்துச் சந்துகளை அடையுங்கள். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முன்னால் ஓட்டையைப் பெரிதாக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது, பலன் கிடைப்பது பின்னால் பெரிதாக்கினால்தான். எஞ்சினைத் தரையில் ஓட்டும்போது மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள், நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்.

சூடு இல்லாமல், சில நிமிடம் ஓடித் தானாக அணைகிறதா? எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. குளவிகளுக்கு அந்தத் துளை ரொம்பப் பிடிக்கும்.

தரையில் ஓடும்போது திடீரென்று ஒரு பக்கம் சுழலப் பார்க்கிறது

வால் சறுக்குக் கட்டையில் ஓடும் விமானத்துக்கு இது பிறவிக்குணம், ஆனாலும் எப்போதும் ஒரே பக்கம் என்றால் சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு சக்கரங்களின் பக்கவாட்டிலும் நேரான பலகைகளை வைத்து, முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு எடுங்கள். முன்னால் குறைவாக இருந்தால், அதாவது சக்கரங்கள் உள்நோக்கி இருந்தால், சுழலும் குணம் கூடும். அளவு சரியென்றால் அச்சைக் கட்டியிருக்கும் ரப்பர் கயிறுகள். ஒரு பக்கம் பழசாகித் தொய்ந்தால் அந்தப் பக்கம் தாழும். கயிற்று உறையில் ஓடும் நிற இழைகள் எந்த வருடம் செய்தது என்பதைச் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே நிறமா பாருங்கள். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

பறக்கும்போது கம்பி ரீங்கரிக்கிறது

தட்டைக் கம்பி என்றால் அதன் ஓரம் காற்றுக்கு நேராக இல்லை, திருப்புங்கள். இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் உரசினால் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டுங்கள். புதிதாகத் தொடங்கிய ரீங்காரம் என்றால் இறங்கியதும் தகடுகளில் விரிசல் தேடுங்கள்.

கையை எடுத்தால் ஒரு பக்க இறக்கை சாய்கிறது

முதலில் எரிபொருள், விமானியின் இருக்கை எல்லாம் நடுவில்தானா என்று பாருங்கள். பிறகு விமானத்தை ரசமட்டம் வைத்துப் பறக்கும் நிலையில் நிறுத்தி, இரண்டு மேல் இறக்கைகளின் கோணத்தையும் அடியிலும் நுனியிலும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் சாய்கிற பக்கத்து நுனியின் பின் பகுதியை இறக்கிவிடத் தோன்றும். பின் ஸ்பாரை நுனியில் சற்றுத் தாழ்த்தினால் அந்தப் பக்கம் தூக்கும் விசை கூடும், உண்மைதான், ஆனால் வேகம் குறையும்போது அந்த நுனிதான் முதலில் தூக்கும் விசையை இழக்கும். அதைவிட மறுபக்கத்து நுனியில் பின் ஸ்பாரைச் சற்று உயர்த்துவது நல்லது. இங்கேயும் தளர்த்திவிட்டுத்தான் இறுக்க வேண்டும். ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பறப்பு.

மூக்கு நேராக நிற்காமல் அலைகிறது

எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். நியூபோர்ட் 11-க்கு நிலையான செங்குத்து வால் கிடையாது. இருப்பது முழுவதும் திரும்பும் ரட்டர், அதாவது வால் சுக்கான், மட்டுமே. காலை எடுத்தால் அது அலையத்தான் செய்யும். கேபிளில் தொய்வு இல்லை, கீலில் ஆட்டம் இல்லை என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, முதல் முறை ஓட்டப் போகிறவரிடம் கால் இரண்டும் எப்போதும் பெடல் மேல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.